மூலிகைத் தூளும் சலப் பரிசோதனையும்

கேள்வி: என் மகள் 1500 மீற்றர் ஓடுகிறாள். தேசிய மட்டப் போட்டியில் சலம் எடுத்துப் பார்ப்பார்களாம். முழங்கால் நோவுக்கு இரண்டு மாதமாக ஒருவரிடம் வாங்கிய தூள் குடிக்கிறாள். மூன்றே நாளில் நோவு பறந்துவிட்டது. மூலிகைதானே, அது எப்படிப் பிடிபடும்?
- ஒரு தாய், முள்ளியவளை

பதில்: தங்கச்சி, கிளிநொச்சியில் 22 வருடம் இரத்தமும் சலமும் பார்த்தவள் நான். "மூன்றே நாளில்" என்றதுதான் என்னைப் பயப்படுத்துகிறது. 2011இல் எங்கள் கிரிக்கெட் வீரர் உபுல் தரங்க தோள் நோவுக்கு மூலிகை மருந்து எடுத்தார். சலத்தில் பிரெட்னிசோலோன் என்ற ஸ்டீரொயிட் இருந்தது. நோவையும் வீக்கத்தையும் சட்டென்று அடக்கும் மருந்து அது; போட்டி நேரத்தில் தடை. அவர் வேண்டுமென்று எடுக்கவில்லை என்று விசாரித்தவர்கள் ஏற்றுக்கொண்ட பிறகும் மூன்று மாதத் தடை.

எப்படிப் பிடிபடும் என்று கேட்டீர்கள். வீட்டிலேயே ஒன்று செய்து பாருங்கள். வெள்ளை ரிசுக் கடதாசியில் கறுப்புப் பெல்ற் பேனையால் ஒரு பொட்டு வைத்து, நுனியை மட்டும் தண்ணீரில் பிடியுங்கள். தண்ணீர் ஏற ஏறக் கறுப்புப் பிரிந்து நீலம் ஓரிடத்திலும் சிவப்பு இன்னோரிடத்திலும் நிற்கும். பள்ளிப் பிள்ளைகளுக்கு இதைக் காட்டும்போது எனக்கு இன்றைக்கும் ஆசையாக இருக்கும். ஆய்வுகூடத்திலும் இதே வேலைதான். சலத்திலிருந்து பிரித்தெடுத்ததை மயிர் போன்ற நீளக் குழாய்க்குள் விடுவார்கள். ஒவ்வொரு பொருளும் தன் நேரத்துக்குத்தான் மறுமுனைக்கு வரும். வந்ததை உடைத்து, துண்டுகளின் திணிவைக் கருவி அளக்கும். அந்தத் துண்டுகளின் கோலம் பொருளுக்குப் பொருள் வேறு, கைரேகை மாதிரி. நனோகிராம் அளவு, அதாவது ஒரு கிராமை நூறு கோடியாகப் பிரித்ததில் ஒரு பங்கு இருந்தாலே காணும். மூலிகை வாசம் அதற்கு ஒரு மறைப்பே இல்லை.

சலம் குறைந்தது 90 மில்லிலீற்றர் வேண்டும். ஏ, பி என்ற இரண்டு போத்தலிலும் பிள்ளையே ஊற்றி மூடலாம். ஆய்வுகூடத்துக்குப் போவது இலக்கம் மட்டும், பெயர் போகாது.

சரி, இப்போது செய்யவேண்டியது. தூளில் ஸ்டீரொயிட் இருந்தால், இரண்டு மாதம் குடித்த பிள்ளை அதைச் சட்டென்று நிறுத்துவது ஆபத்து. நாளைக்கே மிச்சத் தூளையும் பிள்ளையையும் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போய் டொக்டரிடம் உள்ளதைச் சொல்லுங்கள். எப்படிக் குறைப்பது என்று அவர் சொல்லட்டும். சலம் எடுக்கும் அன்று, கடைசி ஏழு நாளில் எடுத்த மருந்துகளைப் படிவத்தில் கேட்பார்கள். தூளையும் மறைக்காமல் எழுதச் சொல்லுங்கள்.