ஓநாய் கலப்பு நாய் வளர்க்கலாமா? கேள்வி பதில்

ஓநாய்க்கும் நாய்க்கும் பிறந்த குட்டிகளை வீட்டில் வளர்ப்பது சட்டப்படி சரியா என்று பலர் கேட்டிருந்தீர்கள். ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

கேள்வி: லண்டனில் இருக்கிறேன். "இது மூன்றாவது தலைமுறை, லைசென்ஸ் தேவையில்லை" என்கிறார் குட்டி விற்பவர். நம்பலாமா?

பதில்: விதியைச் சரியாகத்தான் சொல்கிறார். ஆபத்தான காட்டு விலங்குகள் பற்றி பிரிட்டனில் 1976இல் வந்த சட்டப்படி, தாய் தந்தையில் ஒன்று ஓநாய் என்றால் அது எஃப்1. பாட்டன் பாட்டியில் ஒன்று என்றால் எஃப்2. இந்த இரண்டுக்கும் உள்ளூர் கவுன்சிலில் லைசென்ஸ் வாங்க வேண்டும். எஃப்3 முதல் சாதாரண நாய்தான். சரி, எத்தனையாவது தலைமுறை என்று யார் சொல்வது? பெரும்பாலும் விற்பவரேதான். விலை பேசும்போது "பாதி ஓநாய் சார்" என்பார். லைசென்ஸ் என்றதும் ஓநாய் கொள்ளுப்பாட்டிக்குத் தள்ளிப் போய்விடும்.

கேள்வி: டிஎன்ஏ சோதனை செய்தால் தெரிந்துவிடாதா?

பதில்: ஓநாய் ரத்தம் சமீபத்தில் கலந்திருந்தால் தெரியும். ஆனால் சோதனை சொல்வது பங்கை. சட்டம் கேட்பது தலைமுறையை. எஃப்2 முதல், ஒரே ஈற்றில் பிறந்த இரண்டு குட்டிகளுக்கே ஓநாய்ப் பங்கு ஒன்றாக இருக்காது.

கேள்வி: அமெரிக்காவில் எப்படி?

பதில்: நாடு முழுவதற்கும் ஒரே தடை என்று எதுவும் இல்லை, மாநிலத்துக்கு மாநிலம் மாறும். மிச்சிகன் 2000இல் தனிச்சட்டமே போட்டுத் தடுத்தது. ஹவாயிலும் முடியாது. மாநிலம் அனுமதித்தாலும் கவுண்டி (நம்மூர் மாவட்டம் மாதிரி) தடுக்கலாம்.

என்னைக் கேட்டால், பெரிய சிக்கல் ரேபீஸ் ஊசி. அந்த ஊசிக்கு அங்கே நாய்க்கு அனுமதி உண்டு, ஓநாய் கலப்புக்கு இல்லை. டாக்டர் போட்டுவிட்டாலும் "ஊசி போட்ட பிராணி" என்று கணக்கில் வராமல் போகலாம். யாரையாவது கடித்துவிட்டால், பத்து நாள் கட்டிவைத்துப் பார்ப்பதற்குப் பதிலாக, கொன்று மூளையைச் சோதிக்கும் நிலைகூட வரலாம். இதற்குப் பயந்தே சிலர் கிளினிக்கில் "ஹஸ்கி கலப்பு" (பார்க்க ஓநாய் மாதிரி இருக்கும் நாய் இனம்) என்று எழுதிவிடுகிறார்கள். அந்தப் பொய்க்கும் சேர்த்துத்தான் பிறகு பதில் சொல்ல வேண்டியிருக்கும்.

கேள்வி: செக்கோஸ்லோவாக்கியன் உல்ஃப்டாக் அங்கீகரிக்கப்பட்ட இனம்தானே?

பதில்: ஆமாம். 1955இல் ஜெர்மன் ஷெப்பர்டையும் கார்பாத்தியன் ஓநாயையும் சேர்த்துத் தொடங்கிய சோதனையில் வந்த இனம். சர்வதேச நாய் கூட்டமைப்பின் பட்டியலிலும் இருக்கிறது. ஆனால் நார்வேயில் இதற்கும் தடை. எந்த நாட்டுக்குக் கொண்டுபோகிறீர்களோ, அந்த நாட்டு விதியைப் பாருங்கள்.

கேள்வி: இந்தியாவில்?

பதில்: 2024 மார்ச்சில் மத்திய அரசு 23 நாய் இனங்களைத் தடுக்கச் சொல்லி மாநிலங்களுக்கு அனுப்பிய சுற்றறிக்கையில் ஓநாய் நாயும் இருந்தது. சம்பந்தப்பட்டவர்களைக் கேட்காமல் போட்டது என்று ஏப்ரலில் கர்நாடக உயர் நீதிமன்றம் அதை ரத்து செய்தது. அதைப் பச்சைக்கொடி என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். ஓநாய் 1972 வனவிலங்குச் சட்டத்தின் முதல் அட்டவணையில், அதாவது மிக அதிகப் பாதுகாப்பு உள்ள பட்டியலில், இருக்கும் விலங்கு. அப்பன் ஓநாய் என்று வாய்விட்டால், அந்த ஓநாய் எங்கிருந்து வந்தது என்றுதான் முதலில் கேட்பார்கள்.

கேள்வி: எங்கள் வீட்டு ஹஸ்கி ராத்திரி ஊளையிடுகிறது. ஓநாய் ரத்தமோ?

பதில்: ஹஸ்கி என்றால் ஊளையிடத்தான் செய்யும். பக்கத்து வீட்டுக்காரரிடம் மட்டும் பேசி வையுங்கள்.