இரண்டு ஊசி போட்டும் பார்வோ வந்தது ஏன்?

கேள்வி: "எங்கள் லாப்ரடார் குட்டிக்கு 45ஆம் நாளும் 66ஆம் நாளும் தடுப்பூசி போட்டோம். அட்டையில் ஸ்டிக்கர், கையெழுத்து எல்லாம் இருக்கிறது. 82ஆம் நாள் வாந்தி, மறுநாள் ரத்தக் கழிச்சல். பார்வோ என்றார்கள். மூன்று நாள் டிரிப்ஸ் ஏற்றியும் போய்விட்டது. ஊசி போலியா டாக்டர்? வீடு முழுக்க பினாயில் ஊற்றிக் கழுவிவிட்டோம். பிள்ளைகள் அழுகிறார்கள், அடுத்த மாதம் வேறு குட்டி வாங்கலாமா? ஐந்து வயதுப் பெரிய நாய் ஒன்று இருக்கிறது. மாடியில் பூனை குட்டி போட்டிருக்கிறது. அவற்றுக்கும் பிள்ளைகளுக்கும் தொற்றுமா?" திருச்சியிலிருந்து ஒரு வாசகி.

பதில்:

முதலில் அந்த பினாயிலை எடுத்து உள்ளே வையுங்கள் அம்மா. பார்வோ வைரஸை அது ஒன்றும் செய்யாது. மாடியில் இருக்கும் பூனைக்குத்தான் கெடுதல். பினாயில், டெட்டால் வகையறாவில் உள்ள ஃபினால் பொருள்களைப் பூனையின் ஈரலால் நம்முடையதைப் போல முறித்து வெளியேற்ற முடியாது. ஈரத் தரையில் நடந்துவிட்டுப் பாதத்தை நக்கினாலே உள்ளே போய்விடும்.

கொரோனா காலத்தில் சோப்பு போட்டாலே கிருமி செத்துவிடும் என்று படித்தோமே, அது சரிதான். அந்த வைரஸுக்குக் கொழுப்பால் ஆன மேலுறை உண்டு. சோப்பு அதைக் கரைத்துவிடும். பார்வோவுக்கு அந்த உறையே கிடையாது. வெறும் புரத ஓடு, உள்ளே சின்னதாக ஒரு டிஎன்ஏ இழை, அவ்வளவுதான். அதனால் சோப்பு, சானிடைசர், பினாயில் எதற்கும் அசையாது. அதைச் சாகடிப்பது குளோரின். எப்படிக் கழுவுவது என்று பின்னால் சொல்கிறேன்.

இனி ஊசி. போலியா, குளிர்பெட்டியில் வைக்காமல் கெட்டுப்போனதா என்பதை அட்டையை வைத்துச் சொல்ல முடியாது. ஆனால் நல்ல மருந்தை முறையாகப் போட்டாலும் இதே முடிவு வந்திருக்கலாம். காரணம் தாய்ப்பால்.

பிறந்த முதல் நாள் குட்டி குடிக்கும் சீம்பாலில் தாயின் எதிர்ப்புப் புரதங்கள் இருக்கின்றன. மருத்துவர்கள் ஆன்டிபாடி என்று சொல்வது இதைத்தான். குட்டிக்கு முதல் சில வாரங்களுக்கு இதுதான் காவல். பார்வோவைப் பொறுத்தவரை இது சுமார் பத்து நாளுக்கு ஒருமுறை பாதியாகக் குறையும். உங்கள் அட்டையை வைத்தே ஒரு கணக்குப் போடுவோம். ஆய்வகத்தில் அளக்கும் அலகில் உங்கள் குட்டிக்குப் பிறந்தபோது 1,280 இருந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள். 10ஆம் நாள் 640. 20ஆம் நாள் 320. 30ஆம் நாள் 160. 40ஆம் நாள் 80. ஏறக்குறைய இந்த 80 வரைதான் அது நோயைத் தடுக்கும்.

நீங்கள் முதல் ஊசி போட்ட 45ஆம் நாள் ஐம்பது சொச்சம் மிச்சம் இருந்திருக்கும். 66ஆம் நாள் பதின்மூன்று. இந்தப் பதின்மூன்று, தெருவிலிருந்து வரும் முரட்டு வைரஸைத் தடுக்கப் போதாது. ஆனால் ஊசி மருந்தில் இருப்பது பலவீனமாக்கப்பட்ட உயிர் வைரஸ். அதைப் பிடித்து முடக்கப் பதின்மூன்றே போதும். மருந்து உள்ளே போனதும் தாய் கொடுத்த புரதம் அதை அழித்துவிடும். குட்டியின் உடம்பு எதையும் கற்றுக்கொண்டிருக்காது. இப்படி இரண்டும் கெட்டானாக ஓடும் சில வாரங்களில்தான் பெரும்பாலான பார்வோ சாவு நடக்கிறது. உங்கள் குட்டி படுத்த நாளைப் பார்த்தால், இரண்டாவது ஊசி போட்டுப் பத்து நாள் கழித்துத் தொற்றியிருக்கும். ஊசி பிடித்திருந்தால் அதற்குள் எதிர்ப்பு வந்திருக்க வேண்டும். வரவில்லை.

முதல் ஊசியின் மேல் இரண்டாவது ஏறி, மூன்றாவது ஏறி பலம் கூடுகிறது என்று பலரும் நினைக்கிறார்கள். குட்டிகளுக்கு அப்படி இல்லை. ஒரே ஈற்றில் பிறந்ததிலேயே முண்டியடித்துச் சீம்பால் குடித்ததற்கு அதிகம் கிடைத்திருக்கும், நோஞ்சானுக்குக் குறைவு. ஒன்றுக்கு எட்டாவது வாரம் ஊசி பிடிக்கும், அதன் உடன்பிறப்புக்குப் பதினான்காவது வாரம் வரை பிடிக்காது. எதற்கு எப்போது என்று தெரியாததால்தான் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்க்கிறோம். உலகச் சிறுபிராணி கால்நடை மருத்துவச் சங்கத்தின் வழிகாட்டுதல் இதுதான்: 6 முதல் 8 வாரத்தில் தொடங்கி, 2 முதல் 4 வாரத்துக்கு ஒருமுறை, கடைசி ஊசி 16 வாரத்திலோ அதற்குப் பிறகோ. அப்புறம் 26 வாரம் ஆனதும் இன்னொன்று, அதுவரை பிடிக்காமல் போன ஒன்றிரண்டு குட்டிகளுக்காக.

16 வாரம் என்றால் 112 நாள். நம் ஊர் அட்டைகள் பலவற்றில் 87ஆம் நாளோடு கட்டம் முடிந்துவிடுகிறது. விற்பவர்கள் இரண்டு ஸ்டிக்கரைக் காட்டி 'ஃபுல் வேக்சின் போட்டாச்சு' என்பதைக் கேட்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். முப்பதாம் நாளே போட்ட ஊசியைப் பெருமையாகச் சொல்கிறவர்களும் உண்டு. மேலே போட்ட கணக்கில் அந்த நாள் 160. மருந்தைத் தரையில் ஊற்றியதும் ஒன்றுதான்.

சிகிச்சையில் நீங்கள் குறை வைத்ததாகத் தெரியவில்லை. தாமதிக்காமல் கொண்டுபோயிருக்கிறீர்கள். பூச்சி மருந்து கொடுத்ததால் வயிறு போகிறது என்று இரண்டு நாள் மோரும் கஞ்சியும் கொடுத்துவிட்டு வருகிறவர்கள்தான் அதிகம். இந்த வைரஸ் வேகமாகப் பெருகும் செல்களைத் தேடிப் போகும். குடலின் உள்பூச்சைப் புதுப்பிக்கும் செல்கள், எலும்பு மஜ்ஜை இரண்டையும் அடிக்கும். குடல் புண்ணாகி வேலி உடைய, அதே நேரம் வெள்ளை அணுக்களும் சரிய, குடலில் இருந்த பாக்டீரியா ரத்தத்தில் ஏறிவிடும். ரத்த நாளத்தில் திரவம், ஆன்டிபயாடிக், வாந்தி மருந்து எல்லாம் கொடுத்தாலும் சில குட்டிகள் போய்விடும். அமெரிக்காவில் கொலராடோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் 40 நாய்களை வைத்துப் பார்த்தார்கள். மருத்துவமனையில் தங்கவைத்ததில் 90 சதவீதம் பிழைத்தன. தினமும் தோலுக்கடியில் திரவமும் ஊசிகளும் கொடுத்து, வெளிநோயாளியைப் போலக் கண்காணித்ததில் 80 சதவீதம். தங்கவைத்துப் பார்க்க வசதி இல்லாதவர்கள் கைவிட வேண்டியதில்லை என்பதற்காக இதைச் சொல்கிறேன். அவ்வளவு நல்ல கவனிப்பிலும் பத்தில் ஒன்று போனது என்பதையும் சேர்த்துப் பாருங்கள்.

பூனைக்கு வருகிறேன். இந்த வைரஸ் நாய்க்கே புதுசு. 1978 வாக்கில்தான் நாய்களில் இது பரவலாகத் தெரியவந்தது. அங்கிருந்து இரண்டே ஆண்டுகளில் உலகத்தைச் சுற்றிவிட்டது. இந்தியாவில் 1980களின் தொடக்கத்தில் சென்னையில்தான் முதலில் பதிவானது. எங்கிருந்து வந்தது என்று தேடியபோது, பூனைகளில் பல காலமாக இருந்த பேன்லூக்கோபீனியா வைரஸின் நெருங்கிய சொந்தம் என்று தெரிந்தது. வைரஸ் செல்லுக்குள் நுழையப் பயன்படுத்துவது, செல் இரும்புச்சத்தை உள்ளே எடுத்துக்கொள்ளும் வாசலை. நாயின் வாசலில் கூடுதலாக ஒரு சர்க்கரைத் துணுக்கு ஒட்டிக்கொண்டிருக்கிறது, அதனால் பூனை வைரஸால் அதைப் பிடிக்க முடியாது. வைரஸின் ஓட்டில் ஒரு சில அமினோ அமிலங்கள் மாறியதுமே அந்தத் தடை போய்விட்டது. அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் காலின் பாரிஷ் குழுவினர் இந்த வாசல் விவகாரத்தைப் பல ஆண்டுகளாகத் துருவிப் பார்த்திருக்கிறார்கள். நாய்க்கென்று ஊசி தயாராகும்வரை பூனை ஊசியையே நாய்க்குப் போட்டு ஒப்பேற்றினார்கள் என்பது எனக்குப் பிடித்த துணுக்கு. அந்த அளவுக்கு இரண்டும் ஒன்றுபோல.

1978இல் வந்த முதல் ரகம் பூனையைத் தொற்றாது. அதை ஓரம்கட்டிவிட்டுப் பின்னால் வந்த 2ஏ, 2பி, 2சி ரகங்கள் பூனைக்குள்ளும் போகும் திறனைத் திரும்பப் பெற்றுவிட்டன. இன்று நம் ஊரில் சுற்றுவது இந்தப் பிந்தைய ரகங்கள்தான். ஆக, உங்கள் மாடிப் பூனைக்கும் குட்டிகளுக்கும் தொற்ற வாய்ப்பு உண்டு. குட்டி பூனைகள் திடீரென்று சோர்ந்து, தண்ணீர்க் கிண்ணத்தின் மேல் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு குடிக்காமல் உட்கார்ந்திருந்தால் காத்திருக்காதீர்கள். நாய் இருந்த அறைக்குப் போட்ட செருப்போடு மாடிக்குப் போகாதீர்கள், வைரஸ் அதிலேயே ஏறிப் போகும். பூனைகளுக்குப் போடும் மூன்று நோய்த் தடுப்பூசியில் பேன்லூக்கோபீனியாவும் இருக்கிறது. அது நாய் ரகங்களுக்கு எதிராகவும் பெருமளவு காப்பாற்றும். குட்டிகளுக்கு அதே 16 வாரக் கணக்குதான். தாய்ப் பூனை மறுபடி சினையாக இருக்கிறதா என்று மட்டும் மருத்துவர் பார்க்கட்டும். சினையில் உயிர் வைரஸ் ஊசி போட்டால் வயிற்றிலிருக்கும் குட்டியின் சிறுமூளை வளராமல் போகலாம். அப்படிப் பிறந்தது வாழ்நாள் முழுக்கத் தள்ளாடித் தள்ளாடித்தான் நடக்கும்.

பிள்ளைகளுக்குத் தொற்றாது. மனிதர்களுக்கு வரும் பார்வோ வைரஸ் வேறு. பெரிய நாய்க்கு ஊசி ஒழுங்காகப் போட்டு வந்திருந்தால் பயமில்லை. கடைசி ஊசி மூன்று வருடத்துக்கு முன்னால் என்றால் இப்போது ஒன்று போடுங்கள். ஒருமுறை நன்றாகக் குளிப்பாட்டுங்கள், நோய் வராவிட்டாலும் ரோமத்தில் வைரஸைச் சுமந்துகொண்டு திரியும்.

கழுவும் விதம்: தரையில் ஒட்டியிருப்பதை முதலில் சோப்புத் தண்ணீரால் தேய்த்து எடுங்கள். அழுக்கு இருந்தால் குளோரின் அதிலேயே செலவாகிவிடும். பிறகு நல்ல ப்ளீச்சிங் பவுடர் ஒரு லிட்டருக்கு இரண்டு டீஸ்பூன் கரைத்து, தெளிந்த நீரை ஊற்றி, பத்து நிமிடம் ஈரமாகவே விட்டுக் கழுவுங்கள். மூட்டை பிரித்து வாரக்கணக்கில் திறந்து கிடக்கும் பவுடரில் சத்து இருக்காது, மூக்கைத் துளைக்கும் நெடி இருக்கிறதா என்று பாருங்கள். கழிப்பறை ஆசிட்டோடு கலக்கவே கூடாது, விஷவாயு வரும். காயும்வரை பூனை அந்தப் பக்கம் வரக்கூடாது. கொல்லை மண்ணுக்கு இது வேலைக்காகாது. வெயில் படும் இடம் சீக்கிரம் சரியாகும், மரத்தடி நிழலில் ஒரு வருடம் வரைகூட வைரஸ் தாக்குப்பிடிக்கும்.

ஆகவே அடுத்த மாதம் 45 நாள் குட்டி வேண்டாம். பிள்ளைகளைச் சமாதானப்படுத்த ஒரு வழி இருக்கிறது: 16 வாரத்தில் கடைசி ஊசி போட்டு இரண்டு வாரம் தாண்டிய, நாலு மாதத்துக்கு மேலான குட்டியாகப் பாருங்கள். விற்பவர்களிடம் கிடைப்பது கஷ்டம், கொஞ்சி விளையாடும் வயதில்தான் விற்பார்கள். தத்துக்கொடுக்கும் அமைப்புகளிடம் வளர்ந்த நாட்டுக் குட்டிகள் நிறைய இருக்கும். அட்டையில் ஸ்டிக்கரை எண்ணாதீர்கள், பிறந்த தேதியிலிருந்து கடைசி ஊசித் தேதிவரை நாளை எண்ணுங்கள்.

ஒன்று விட்டுப்போனது. போன குட்டியின் படுக்கை, கழுத்துப்பட்டி, கடித்த பந்து எதையும் எடுத்துவைக்காதீர்கள், யாருக்கும் கொடுக்கவும் வேண்டாம். தெருமுனைக் குப்பையில் சும்மா வீசினால் தெருக்குட்டி ஏதாவது அதில் படுக்கும். ப்ளீச்சிங் தண்ணீரில் நன்றாக நனைத்து, இரட்டைப் பையில் இறுகக் கட்டி, குப்பை வண்டி வரும்போது நேரே அதில் போடுங்கள்.