குழாயைத் திறந்துவிடுங்கள்: இரசாயன எரிகாயம் பற்றிக் கேள்வி பதில்

கொழும்பில் எரிகாயங்களுக்குக் கட்டுப் போட்டே காலம் கழித்த தாதி நான். தொழிலாளர்கள் கேட்டவற்றுக்குப் பதில் இவை.

கேள்வி (செட்டியார் தெரு நகைப் பட்டறை): மிஸ், நைத்திரிக் அமிலம் பட்டு விரல் மஞ்சளாகிவிட்டது.

பதில்: அமிலம் தோலின் புரதத்தோடு கலந்ததால் வந்த நிறம். தேய்க்காதீர்கள், தோலோடு உதிரும். கொப்புளம் வந்தால் மருத்துவரிடம் காட்டுங்கள்.

கேள்வி (மட்டக்குளி சவர்க்காரத் தொழிற்சாலை மேற்பார்வையாளர்): கோஸ்டிக் சோடா பட்ட இடத்தில் வினாகிரி ஊற்றலாமா?

பதில்: கூடாது ஐயா. இரண்டும் சேர்ந்தால் சூடு பிறக்கும். வினாகிரி தேடும் நேரமும் வீண். உடனே குழாயைத் திறந்து குறைந்தது 20 நிமிடம் நீர் ஓடவிடுங்கள், கடிகாரம் பார்த்து. அமிலம் பெரும்பாலும் தோலை உறையவைத்துத் தன் வழியைத் தானே அடைத்துக்கொள்ளும். கோஸ்டிக் சோடா போன்ற காரமோ கொழுப்பைச் சவர்க்காரமாக்கிக்கொண்டே உள்ளே இறங்கும். உங்கள் தொட்டியில் நடப்பதுதான் தோலிலும் நடக்கிறது.

கேள்வி (அவரே): சல்பூரிக் அமிலத்தில் தண்ணீர் விடக்கூடாது என்றல்லவா படித்தோம்?

பதில்: அது ஆய்வுகூடக் கண்ணாடி முகவைக்குச் சொன்ன பாடம். கொஞ்சமாகத் தெளித்தால் சூடேறும் என்பது சரி. வேகமாக ஓடும் நீர் சூட்டையும் அமிலத்தையும் சேர்த்தே அடித்துக்கொண்டு போகும். ஈரத்துணியால் ஒற்றியபடி ஒரு பையன் வந்தான். சட்டைக்கை அமிலத்தில் ஊறிக் கிடந்தது. அதைக் கத்தரித்து எடுத்தபோது முழங்கைவரை புண். நனைந்த உடுப்பை முதலில் கழற்றுங்கள்! சுண்ணாம்பு போன்ற உலர்ந்த தூள் என்றால் மட்டும் தட்டிவிட்டு நீர் ஊற்றுங்கள்.

கேள்வி: பற்பசை பூசலாமா?

பதில்: கூடாது. தண்ணீர்.

கேள்வி (வெள்ளவத்தை, கட்டட வேலை): ஈரச் சீமெந்தில் முழந்தாளிட்டு வேலை செய்தேன். அப்போது வலிக்கவில்லை, இரவில் முழங்கால் கறுத்துவிட்டது.

பதில்: சீமெந்தும் காரம்தான் தம்பி. எரிவு தெரிவதற்குள் ஆழமாகிவிடும். இன்றே பெரியாஸ்பத்திரிக்குப் போங்கள்.

கேள்வி: தேங்காய் எண்ணெய்?

பதில்: பற்பசைக்குச் சொன்னதேதான். தண்ணீர், தண்ணீர், தண்ணீர்.

கேள்வி: நட்டஈடு கிடைக்குமா?

பதில்: 1934ஆம் ஆண்டின் தொழிலாளர் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டம் இருக்கிறது. அதற்குரிய ஆணையாளரிடம் கேளுங்கள்.

கேள்வி (வாகனம் கழுவும் இடம்): சில்லு துலக்கும் திரவம் பட்டது. விரல் சிவக்கக்கூட இல்லை. மூன்று மணி நேரம் கழித்துத் தாங்க முடியாத வலி.

பதில்: போத்தலில் ஐதரோபுளோரிக் அமிலம் என்று இருக்கிறதா? இருந்தால் காத்திருக்காதீர்கள். அது உடம்பின் கல்சியத்தைப் பிடித்துக்கொள்ளும். அதிகம் பட்டால் இதயத் துடிப்பே குழம்பும். கழுவிக்கொண்டே 1990 அம்புலன்ஸ் இலக்கத்துக்கு அழையுங்கள். கல்சியம் குளுக்கோனேட் களிம்பு வேண்டும் என்று மருத்துவமனையில் சொல்லுங்கள். போத்தலையும் கையோடு கொண்டு போங்கள்.