பீட்ரூட் சாயமும் நுண்குமிழியும்

கேள்வி: நறுக்கிய பச்சை பீட்ரூட்டை இரண்டு முறை அலசினால் சாயம் இறங்குவது நின்றுவிடுகிறது. அதையே வேகவைத்தால் தண்ணீர் முழுக்கச் சிவப்பு. ஏன்? (வாசகி, கும்பகோணம்)

பதில்: சாயம் இருப்பது நுண்குமிழியில், அதாவது வாக்குவோலில். முதிர்ந்த தாவர செல்லின் கொள்ளளவில் 80, 90 சதவீதம் வரைகூட இந்த ஒரே பைதான். செல்லின் மற்ற கூழ்ப்பகுதியான சைட்டோபிளாசம் ஓரத்தில் மெல்லிய பூச்சாக ஒட்டிக் கிடக்கும். பாடநூல் படங்களில் இந்தப் பையை வெறும் வெற்றிடம் போல வரைந்துவிடுகிறார்கள். உண்மையில் சரக்கறையே அதுதான். சர்க்கரை, உப்புகள், கரிம அமிலங்கள், பீட்ரூட்டில் பீட்டாலைன் நிறமி எல்லாம் உள்ளே.

பையைச் சூழ்ந்த சவ்வுக்கு டோனோபிளாஸ்ட் என்று பெயர். நிறமி அதைத் தானாகக் கடக்காது. கத்தி பட்ட செல்களின் பை மட்டும் கிழிவதால், அந்தச் சாயம் அலசலோடு போய்விடும். சூடு 60 டிகிரி செல்சியஸை நெருங்கும்போது சவ்வே நிலைகுலைந்து எல்லாப் பைகளும் ஒழுகும். ஃப்ரீசரில் வைத்து எடுத்தாலும் இதே கதிதான், பனிப்படிகம் சவ்வைக் கிழித்துவிடும்.

சாயம் தங்க வேண்டுமானால் தோல் சீவாமல், காம்பில் இரண்டு விரற்கடை விட்டு, முழுசாக வேகவைத்துப் பிறகு நறுக்குங்கள். எலுமிச்சைச் சாறு சில துளி சேர்க்கலாம். சமையல் சோடா கூடாது. சோடாவின் காரத்தன்மையில் இந்த நிறமி சிதைந்து மஞ்சளாகும்.

கேள்வி: எலுமிச்சையின் புளிப்பு அதன் செல்லையே அரிக்காதா? (மாணவர், திருநெல்வேலி)

பதில்: அமிலம் பைக்குள் பூட்டப்பட்டிருக்கிறது. டோனோபிளாஸ்டில் பதிந்த புரோட்டான் பம்புகள் என்ற புரதங்கள், செல்லின் ஆற்றல் நாணயமான ஏ.டி.பி.யைச் செலவழித்து ஹைட்ரஜன் அயனிகளை உள்ளே தள்ளுகின்றன. பெரும்பாலான செல்களில் பையின் பி.எச். (அமிலத்தன்மையின் அளவு, எண் குறையக் குறையப் புளிப்பு அதிகம்) 5 முதல் 5.5. எலுமிச்சையில் 2 முதல் 2.5 வரை இறங்கும், வெளியே சைட்டோபிளாசமோ 7ஐ ஒட்டியே நிற்கும். ஒரு அலகுக்குப் பத்து மடங்கு என்பதால், 5 அலகு வித்தியாசம் என்றால் 1 லட்சம் மடங்கு!

இப்படி உள்ளே குவிந்த அயனிகள் வெளியேறத் துடிக்கும். அந்த விசையைச் செல் வீணாக்குவதில்லை. ஒரு ஹைட்ரஜனை வெளியே விட்டு, பதிலுக்கு ஒரு சோடியத்தை உள்ளே இழுத்துக்கொள்ளும் புரதங்களும் அதே சவ்வில் உண்டு. உவர் நிலத்தில் சில செடிகள் தாக்குப்பிடிப்பதற்கு இது முக்கியக் காரணம்.

கேள்வி: வாடிய கீரை தண்ணீர் தெளித்தால் நிமிர்கிறது, சில கட்டு நிமிர்வதே இல்லையே? (வாசகர், மதுரை)

பதில்: பையில் கரைந்திருக்கும் பொருள்கள் தண்ணீரை இழுக்க, பை உப்பிச் செல்சுவரை அழுத்தும். இந்த விறைப்பழுத்தம் பொதுவாக 3 முதல் 10 வளிமண்டலம். கார் டயரில்கூட 2, 2.5தான். சவ்வு முழுசாக இருந்தால் குளிர்ந்த தண்ணீரில் அரைமணி நேரம் போதும். வெயிலில் வெந்தோ அழுகத் தொடங்கியோ சவ்வு போயிருந்தால் எவ்வளவு ஊறினாலும் நிமிராது. உப்புத் தண்ணீரில் மட்டும் போடாதீர்கள், இருக்கும் நீரையும் அது வெளியே இழுத்துவிடும்.

கேள்வி: வாழைப்பூவை மோரில் போடுவது எதற்கு? (வாசகி, கோவை)

பதில்: பீனால் பொருள்கள் நுண்குமிழியில், அவற்றைக் கறுக்கவைக்கும் நொதி செல்லின் இன்னொரு அறையான கணிகத்தில். நறுக்கியதும் இரண்டும் கலந்து, காற்றும் சேர, கறுப்பு. மோரின் புளிப்பு நொதியை மந்தமாக்கும். பூ முழுக்க அமிழ்ந்திருப்பது முக்கியம். மேலே மிதக்கும் துண்டுகள் கறுத்தே தீரும்.