ஒரே மலை, இரண்டு காற்று

அன்புள்ள ஆசிரியருக்கு,

ஒரு மிகுபுனைவு நாவல் எழுதிக்கொண்டிருக்கிறேன். அதற்காக ஒரு கண்டம் வரைந்தேன். தென் அரைக்கோளத்தில் அட்சரேகை 10 பாகையிலிருந்து 50 பாகை வரை நீளும் நிலம். மேற்குக் கரையை ஒட்டி, வடக்கிலிருந்து தெற்குவரை ஒரே மலைத்தொடர். இடையிடையே எரிமலைகள். மலைக்கு மேற்கே முழுக்கப் பசுமை, கிழக்கே முழுக்கப் பாலை. மலையில் பிறக்கும் பெரிய ஆறு தலைநகரில் இரண்டாகப் பிரிந்து இரண்டு கடல்களில் சேர்கிறது. "கற்பனை உலகம்தானே, எப்படி வரைந்தால் என்ன" என்கிறார் நண்பர். எனக்கு மனம் ஒப்பவில்லை.

ஒரு வாசகி

அன்புள்ள வாசகிக்கு,

நண்பர் சொல்வதுபோலவும் வரையலாம். ஆனால் அந்தப் படம் உங்களுக்கு எதையும் திருப்பித் தராது. காரணத்தோடு வரைந்த படம், நீங்கள் யோசித்தே இராத ஊர்களையும் மனிதர்களையும் கொண்டுவந்து சேர்க்கும்.

பாலையிலிருந்து தொடங்குகிறேன். அட்லஸில் தென் அமெரிக்காவை எடுத்து, ஆண்டீஸ் மலைமேல் வடக்கிலிருந்து தெற்காக விரலை ஓட்டுங்கள். 10 பாகையில் மலைக்குக் கிழக்கே அமேசான் காடு, மேற்கே பெருவின் வறண்ட கரை. இன்னும் தெற்கே அதே மேற்குக் கரையில் அட்டகாமா பாலை. 40 பாகைக்குப் போனால் எல்லாம் இடம் மாறிவிடும்: மேற்கே சிலியின் மழைக்காடு, கிழக்கே பட்டகோனியாவின் வறள்நிலம்.

மலை ஒன்றுதான், காற்றுதான் வேறு. நிலநடுக்கோட்டருகே மேலெழும் காற்று மழையைக் கொட்டிவிட்டு, சுமார் 30 பாகையில் வறண்டு இறங்குகிறது. அங்கிருந்து நிலநடுக்கோட்டுக்குத் திரும்பும் காற்று, பூமியின் சுழற்சியால் கிழக்கிலிருந்து வீசும். துருவத்தின் பக்கம் போவது மேற்கிலிருந்து வீசும். காற்று மோதும் சரிவில் மழை, மறுசரிவு மழை மறைவு. ஆகவே உங்கள் கண்டத்தின் தென்பாதி சரி, வடபாதியில் பாலையும் பசுமையும் இடம் மாறவேண்டும். உங்கள் கிரகம் பூமிக்கு எதிர்த்திசையில் சுழல்கிறது என்றால் வடபாதி சரியாகி, தென்பாதி தவறாகும். இரண்டு பாதியும் ஒரேபோல் இருக்க வழியில்லை.

எனக்கு ஆசை காட்டும் இடம் 30க்கும் 40க்கும் நடுவிலுள்ள மேற்குக் கரை. பருவத்தோடு சேர்ந்து காற்றுப் பட்டைகளும் நகர்வதால், அங்கே கோடை வறண்டும் குளிர்காலம் மழையோடும் இருக்கும். அதற்கு வடக்கே, நிலநடுக்கோட்டுப் பக்கத்து மக்களுக்குக் கோடைதான் மழைக்காலம். ஒரே அரசின்கீழ் இரண்டு விதைப்புக் காலம், இரண்டு அறுவடை. வரி வசூலிக்க எந்த மாதம் ஆள் அனுப்புவார் உங்கள் அரசர்?

எரிமலைகளை அப்படியே வைத்துக்கொள்ளுங்கள், ஆனால் அவற்றுக்கு ஒரு கடல் வேண்டும். ஆண்டீஸில் நாஸ்கா என்னும் கடலடிப் பாறைத்தட்டு கண்டத்துக்கு அடியில் அமிழ்கிறது. அதோடு உள்ளே போகும் நீர், மேலிருக்கும் சூடான பாறையின் உருகுநிலையைக் குறைக்கிறது. உருகியது எரிமலையாக வெளிவருகிறது. இமயத்தில் கண்டத்தோடு கண்டம் மோதியது. அங்கே இப்படியான எரிமலை வரிசை இல்லை. அப்படியென்றால் உங்கள் மேற்குக் கரையை ஒட்டி ஓர் ஆழ்கடல் அகழி இருந்தாகவேண்டும். நிலநடுக்கமும் ஆழிப்பேரலையும் வரும். அந்தக் கரையில் தலைமுறைகளாக மீன்பிடிப்பவர்கள் வீட்டை எங்கே கட்டுவார்கள், கடல் திடீரென உள்வாங்கினால் குழந்தைகளுக்கு என்ன சொல்லி வைத்திருப்பார்கள் என்று எழுதிப் பாருங்கள்.

எனக்குப் பிடித்த ஒரு செய்தி: கண்டங்கள் நகர்கின்றன என்று 1912இல் சொன்ன ஆல்ஃபிரட் வெகனரும், உலகின் காலநிலைகளை வகைப்படுத்திய விளாதிமிர் கோப்பனும் மருமகனும் மாமனாரும். பழைய புவியுகங்களின் காலநிலை பற்றி 1924இல் இருவரும் சேர்ந்தே நூல் எழுதினார்கள்.

கடைசியாக ஆறு. தண்ணீர் பள்ளம் பார்த்துத்தான் ஓடும். இரண்டு வழி கிடைத்தாலும், காலப்போக்கில் ஆழமான வழி மற்றதை விழுங்கிவிடும். தென் அமெரிக்காவில் ஒரினோகோ ஆற்றிலிருந்து பிரிந்து அமேசான் பக்கம் போகும் காசிகியாரே போன்ற ஆறுகள் அபூர்வம். உங்கள் படத்தில் அந்த இடத்தை மட்டும் தலைகீழாகத் திருப்புங்கள். இரண்டு ஆறுகள் மலையிலிருந்து வந்து ஒன்றாகும் கூடுதுறையாகிவிடும். தலைநகர் அங்கேயே இருக்கட்டும். இரண்டு பள்ளத்தாக்குகளின் படகுகளும் அதன் வாசலைத் தாண்டித்தான் கடலுக்குப் போகவேண்டும்.