‘பேப்பர் போட்டுவிடுங்கள்’ என்று எச்.ஆர். சொன்னால்…

கேள்வி:

வணக்கம் சார். பெங்களூரில் ஒரு எஃப்.எம். நிலையத்தில் 16 வருடமாக ஒலிப்பதிவுப் பிரிவில் இருக்கிறேன். வயது 43. ப்ரோமோ, விளம்பரம் தயாரிப்பது, இரவு ஷிப்டில் கான்சோல் (ஒலியைக் கட்டுப்படுத்தும் மேசை) பார்ப்பது, எல்லாம் நான்தான். பதவிப் பெயர் மட்டும் ‘சீனியர் மேனேஜர்’. எனக்குக் கீழே யாரும் இல்லை. திங்கள்கிழமை எச்.ஆர். கூப்பிட்டு, “நிலைமை சரியில்லை, வெள்ளிக்குள் பேப்பர் போட்டுவிடுங்கள். இரண்டு மாதச் சம்பளமும் கிராஜுவிட்டியும் தருகிறோம். இல்லையென்றால் டெர்மினேட் என்று லெட்டரில் வரும். ஆறு மாதத்துக்கு வேறு ஸ்டேஷனில் சேரவும் கூடாது” என்றார்கள். போன வருடம் சேர்ந்த இரண்டு பையன்கள் அப்படியே இருக்கிறார்கள். மாதச் சம்பளம் 70,000, அதில் பேசிக் 30,000. ராமமூர்த்தி நகர் வீட்டுக்கடனில் 11 லட்சம் பாக்கி, இஎம்ஐ 22,000. அது போக வீட்டுச் செலவு 30,000. மனைவி தையலில் 12,000 சம்பாதிக்கிறாள். பி.எஃப்.பில் 9 லட்சம் இருக்கிறது. அம்மாவுக்குச் சர்க்கரை, ஆபீஸ் இன்ஷூரன்ஸில்தான் பார்க்கிறோம். பி.எஃப்.பை எடுத்துக் கடனை அடைத்துவிட்டு நிம்மதியாக இருக்கலாம் என்று தோன்றுகிறது. சரியா?
(பெயர் வேண்டாம்)

பதில்:

வெள்ளிக்கிழமை கையெழுத்துப் போடாதீர்கள். பி.எஃப்., கடன் எல்லாம் அப்புறம். அந்த ஒரு கையெழுத்துக்கு உங்கள் கணக்கில் என்ன விலை என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

நீங்களாக எழுதிக் கொடுத்தால் அது ராஜினாமா. நிறுவனம் அனுப்பினால் அது ஆட்குறைப்பு. வீட்டுக்கு வருவது என்னவோ ஒரே ஆள்தான். ஆனால் சட்டம் இரண்டையும் ஒன்றாகப் பார்ப்பதில்லை. 2025 நவம்பர் 21 முதல் நடைமுறையில் இருக்கும் தொழில் உறவுச் சட்டத் தொகுப்பு, அதற்கு முன்பிருந்த 1947-ஆம் ஆண்டுத் தொழில் தகராறுச் சட்டத்தைப் போலவே, ஆட்குறைப்பு செய்யப்படும் தொழிலாளிக்குக் காரணம் எழுதிய ஒரு மாத நோட்டீஸ் அல்லது அதற்கான ஊதியம் தரச் சொல்கிறது. அதோடு, வேலை பார்த்த ஒவ்வொரு வருடத்துக்கும் 15 நாள் ஊதியம் இழப்பீடு. ராஜினாமா செய்தவருக்கு இந்த இழப்பீடு கிடையாது. அதனால்தான் “நீங்களே எழுதிக் கொடுங்கள்” என்று இவ்வளவு மெனக்கெடுகிறார்கள்.

“நான் மேனேஜர் ஆச்சே, தொழிலாளிச் சட்டம் எனக்கு எப்படிப் பொருந்தும்?” என்று கேட்பீர்கள். எச்.ஆரும் அதையேதான் சொல்வார்கள். ரேடியோவில் சம்பள உயர்வு தர முடியாத வருடங்களில் பதவிப் பெயரை உயர்த்திக் கொடுத்தார்கள். கான்சோல் முன்னால் தனியாக உட்கார்ந்திருப்பவர்கூட விசிட்டிங் கார்டில் மேனேஜர். நீதிமன்றங்கள் பெயரைப் பார்ப்பதில்லை, செய்த வேலையைப் பார்க்கின்றன. மேற்பார்வை வேலை செய்பவருக்குத்தான் 18,000 ரூபாய் சம்பள வரம்பு. தொழில்நுட்ப வேலை செய்பவருக்கு அப்படி வரம்பு இல்லை. யாருக்கும் லீவு கொடுக்கும் அதிகாரம் இல்லை, யாரையும் வேலைக்கு எடுத்ததில்லை, கையால் ஒலியை வெட்டி ஒட்டுவதே வேலை என்றால் தொழிலாளி என்று வாதாட உங்களுக்கு நல்ல இடம் இருக்கிறது. ஷிப்ட் ரோஸ்டர்தான் அதற்கு ஆதாரம்.

அந்த இரண்டு பையன்களைப் பற்றி எழுதியிருக்கிறீர்களே, அது பொறாமைப் பேச்சு அல்ல, உங்கள் கையில் இருக்கும் வலுவான சீட்டு. ஒரே பிரிவில் ஆட்குறைப்பு செய்யும்போது கடைசியாக வந்தவரைத்தான் முதலில் அனுப்ப வேண்டும் என்பது சட்டத்தில் உள்ள பொது விதி. மாற்றிச் செய்தால் காரணத்தை எழுத்தில் பதிவு செய்ய வேண்டும். 16 வருடச் சம்பளத்தைவிட ஒரு வருடச் சம்பளம் மலிவு என்பதுதான் உண்மையான காரணம். அதை யாரும் எழுத்தில் தர மாட்டார்கள்.

இப்போது கணக்கு. பேசிக் 30,000-ஐ வைத்து அவர்கள் கிராஜுவிட்டி போட்டால் (30,000 × 15 ÷ 26 × 16) சுமார் 2,77,000 வரும். புதிய சட்டத் தொகுப்புகளில் ஊதியத்துக்கு வேறு விளக்கம் வந்துவிட்டது. அலவன்ஸ்கள் மொத்தச் சம்பளத்தில் பாதியைத் தாண்டினால், தாண்டிய தொகையும் ஊதியத்தில் சேரும். உங்களுக்கு அலவன்ஸ் 40,000, பாதி 35,000. மிச்சம் 5,000 பேசிக்கோடு சேர்ந்து ஊதியம் 35,000 ஆகிறது. அப்போது கிராஜுவிட்டி சுமார் 3,23,000. இதில் மட்டும் 46,000 வித்தியாசம். கேட்டால்தான் வரும்.

ஆட்குறைப்பு இழப்பீடு வருடத்துக்கு அரை மாதம் என்றால் 17,500 × 16 = 2,80,000. நோட்டீஸ் ஊதியம் குறைந்தது 35,000. ஆக 6,38,000. அவர்கள் சொல்வதோ 2,77,000-மும் இரண்டு மாதச் சம்பளம் 1,40,000-மும் சேர்த்து 4,17,000. மனைவியின் வருமானம் போக உங்கள் வீட்டுக்கு மாதம் 40,000 வேண்டும். முதல் தொகையில் 16 மாதம் ஓடும், இரண்டாவதில் பத்து மாதத்துக்குச் சற்று மேல். வெள்ளிக்கிழமைக் கையெழுத்தின் விலை ஐந்தரை மாதச் சாப்பாடும் இஎம்ஐயும்.

இன்னொன்று. கிராஜுவிட்டியை ‘ஆஃபர்’ என்ற பெயரில் தட்டில் வைத்து நீட்டுகிறார்கள். ஐந்து வருடம் முடித்த எவருக்கும், தானே விலகினாலும், அது உரிமை. அதை ஒதுக்கிவிட்டுப் பார்த்தால் 16 வருடத்துக்கு அவர்கள் தருவது இரண்டு மாதம்.

என் மைத்துனர் ஒருவர், அவரும் ரேடியோக்காரர், 2020 ஊரடங்கு சமயத்தில் வீடியோ காலில் இருபது நிமிடத்தில் ராஜினாமா மெயில் அனுப்பினார். ‘டெர்மினேட்’ என்ற சொல்லுக்குப் பயந்துதான். ஒழுங்கீனத்துக்காக நீக்குவது வேறு, ஆட்குறைப்பு வேறு. நிறுவனம் ஆளைக் குறைத்தது என்று கடிதத்தில் இருந்தால் அடுத்த வேலைக்கு அது களங்கம் இல்லை. ரேடியோவில் எல்லோருக்கும் நிலைமை தெரியும். அவரிடம் அன்று இதைச் சொல்ல ஆள் இல்லாமல் போனதில் எனக்கு இன்றும் வருத்தம் உண்டு. ஆறு மாதம் வேறு ஸ்டேஷனில் சேரக் கூடாது என்ற மிரட்டலும் அப்படித்தான். வேலையை விட்ட பிறகு பிழைப்பைத் தடுக்கும் நிபந்தனை 1872-ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 27-ஆம் பிரிவுப்படி செல்லாது.

நிறுவனத்துக்கு நிஜமாகவே கஷ்டமா என்றால், கஷ்டம்தான். 2001 ஜூலையில் நாட்டின் முதல் தனியார் எஃப்.எம். ஒலித்தது இந்த ஊரில்தான். அப்போது காரிலும் டீக்கடையிலும் அதற்குப் போட்டி இல்லை. இன்று விளம்பரப் பணம் கைப்பேசிப் பக்கம் போய்விட்டது. தனியார் எஃப்.எம். சொந்தமாகச் செய்தி வாசிக்க முடியாது. மணிக்கு 10 நிமிடம் அனுமதிக்கலாம் என்று தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2023-இல் பரிந்துரைத்தது. உரிமக் கட்டணத்துக்கோ ஏலத் தொகையை வைத்துக் கணக்கிடும் ஒரு கீழ்வரம்பு இருப்பதால் வருமானம் சரிந்தாலும் அது அதே அளவுக்கு இறங்குவதில்லை. கோபுர வாடகையும் இறங்குவதில்லை. குறைக்க முடிவது ஆட்களைத்தான். மும்பையில் பதிவான ஒரே நிகழ்ச்சியைப் பல ஊர்களில் ஓடவிட்டால் ஒவ்வொரு ஊரிலும் ஒரு கான்சோல் ஆள் மிச்சம். இந்த நெருக்கடி உங்களால் வந்ததல்ல. அதற்கான செலவை உங்கள் தலையில் மட்டும் ஏற்றுவதும் நியாயமல்ல.

அதற்காக வழக்குக்குத்தான் போக வேண்டும் என்று நான் சொல்லவில்லை. வழக்கு வருடக்கணக்கில் இழுக்கும், உங்களுக்கு வேண்டியது பணமும் நேரமும். கணக்கைக் காகிதத்தில் எழுதிக்கொண்டு பேசப் போங்கள். இழப்பீடு 2,80,000, நோட்டீஸ் ஊதியம், சரியான ஊதியத்தில் கிராஜுவிட்டி, மிச்ச லீவுக்குப் பணம், கடிதத்தில் ‘ஆட்குறைப்பு’ என்ற சொல். இதற்குக் கீழே இறங்க வேண்டாம். இன்ஷூரன்ஸைப் பாலிசி முடியும் வரை நீட்டிக்கச் சொல்லியும் கேளுங்கள். பணம் தர மனமில்லாத நிறுவனங்கள்கூட இதற்கு இணங்கியதைப் பார்த்திருக்கிறேன். மசியவில்லையென்றால் ஒரு தொழிலாளர் வழக்கறிஞரிடம் ஒரு மணி நேரம் பேசிவிட்டு, பன்னேர்கட்டா சாலையில் இருக்கும் கார்மிக பவனில் தொழிலாளர் துறையிடம் மனு கொடுங்கள். மனு போட்ட பிறகு பேச்சு பெரும்பாலும் வேறு தொனியில் நடக்கும். நிலுவைச் சம்பளம் வேலை முடிந்த இரண்டு வேலை நாளுக்குள் வர வேண்டும் என்பதும் இப்போது சட்டம். “ஃபுல் அண்ட் ஃபைனலுக்கு (கடைசிக் கணக்குத் தீர்க்க) 45 நாள் ஆகும்” என்றால் இதை நினைவுபடுத்துங்கள்.

வரியைப் பற்றி ரொம்பக் கவலைப்பட வேண்டாம். ஆட்குறைப்பு இழப்பீட்டுக்கு 5 லட்சம் வரையும், கிராஜுவிட்டிக்கு 20 லட்சம் வரையும் விலக்கு உண்டு. உங்கள் சம்பளத்துக்குப் புதிய வரி முறையில் எப்படியும் வரி வராது. டிடிஎஸ் பிடித்துவிட்டால் ரிட்டர்னில் திரும்ப வாங்கிக்கொள்ளலாம்.

இனி பி.எஃப். அதை எடுத்துக் கடனை அடைக்காதீர்கள். நிம்மதி என்று நீங்கள் எழுதிய சொல்லின் கனம் எனக்குப் புரிகிறது. ஆனால் பி.எஃப்.புக்கு 2024-25-இல் கிடைத்த வட்டி 8.25 சதவீதம், வீட்டுக்கடன் வட்டியும் அதை ஒட்டித்தான் இருக்கும். வட்டியில் பெரிய லாபம் இல்லை. வங்கியில் கட்டிய பணம் அவசரத்துக்குத் திரும்ப வராது. வேலையில்லாதவருக்குப் புதுக்கடனும் கிடைக்காது. மேலும், வேலை போனதும் 75 சதவீதம், மீதி 12 மாதம் கழித்து என்று பி.எஃப். வாரியம் 2025 அக்டோபரில் முடிவெடுத்திருக்கிறது. அதாவது கையில் வருவது 6,75,000. கடன் அதில் முடியாது, இஎம்ஐயும் ஓடும், சேமிப்பும் போயிருக்கும். அதற்குப் பதில் வங்கியிடம் நிலைமையைச் சொல்லித் தவணைக் காலத்தை நீட்டச் சொல்லுங்கள். எட்டரை சதவீத வட்டியில் பத்து வருடமாக்க ஒப்புக்கொண்டால் இஎம்ஐ 13,600 அளவுக்கு இறங்கும், மாதம் 8,000 மிச்சம். வேலை கிடைத்ததும் கூடக் கட்டி முடித்துக்கொள்ளலாம். பி.எஃப்.போடு ஓடும் ஓய்வூதியக் கணக்கையும் தொட வேண்டாம். பத்து வருடம் தாண்டிவிட்டதால் 58 வயதில் உங்களுக்குப் பென்ஷன் உண்டு.

அம்மாவின் இன்ஷூரன்ஸுக்கு இன்றைக்கே போன் போடுங்கள். ஆபீஸ் பாலிசி உங்கள் கடைசி நாளோடு போய்விடும். அதே கம்பெனியின் தனிப் பாலிசிக்கு மாறக் கேட்க உங்களுக்கு உரிமை இருக்கிறது. ஆபீஸ் பாலிசியில் கழிந்த வருடங்கள் காத்திருப்புக் காலத்தில் கழியும். புதிதாக எடுத்தால் சர்க்கரைக்கு மூன்று வருடம் வரை காத்திருக்கச் சொல்லலாம். கடைசி நாளுக்கு முன்பே விண்ணப்பம் போய்ச் சேர வேண்டும்.

ஒருவேளை, “எபிசோடுக்கு இவ்வளவு என்று கன்சல்டன்ட்டாக வாருங்கள்” என்று கூப்பிடலாம். போங்கள், தப்பில்லை. ஆனால் முதலில் பழைய கணக்கு தீர்ந்து பணம் வங்கிக்கு வரட்டும். கன்சல்டன்ட்டுக்குப் பி.எஃப். இல்லை, கிராஜுவிட்டி இல்லை, நோட்டீஸ் இல்லை. அதற்கும் சேர்த்துத்தான் உங்கள் விலையைச் சொல்ல வேண்டும்.

வியாழன் இரவுக்குள் ஒரு வேலை. நியமனக் கடிதம், சம்பளச் சீட்டுகள், ஃபார்ம் 16, ஷிப்ட் ரோஸ்டர் இவற்றின் நகல் உங்கள் வீட்டில் இருக்கட்டும். ஆபீஸ் மெயில் எந்த நிமிடமும் அடைபடும். நிகழ்ச்சி ஒலிப்பதிவுகளை எடுக்க வேண்டாம், அவை நிறுவனத்தின் சொத்து. பிறகு எச்.ஆருக்கு உங்கள் சொந்த மெயிலிலிருந்து இப்படி எழுதுங்கள்: “திங்கள்கிழமைச் சந்திப்பில் என்னை ராஜினாமா செய்யச் சொன்னீர்கள். நான் ராஜினாமா செய்யவில்லை, தொடர்ந்து வேலைக்கு வரத் தயாராக இருக்கிறேன். என் பணியிடம் தேவையில்லை என்று நிறுவனம் முடிவு செய்தால், காரணத்தையும் எனக்குச் சேர வேண்டிய தொகைகளின் கணக்கையும் எழுத்தில் தர வேண்டுகிறேன்.” வெள்ளிக்கிழமை வழக்கமான நேரத்துக்கு ஷிப்டுக்குப் போங்கள். ஏதாவது காகிதம் நீட்டினால் படித்துப் பார்க்க வேண்டும் என்று சொல்லி வாங்கிக்கொண்டு வந்து, ஒரு நகலை எனக்கு அனுப்புங்கள்.