பூமி உயிர்கள் வாழ இவ்வளவு கச்சிதமாக இருப்பது, யாரோ திட்டமிட்டுப் படைத்தார்கள் என்பதைக் காட்டுகிறதா?

இந்தக் கேள்வியைப் பார்த்துவிட்டுச் சும்மா போக முடியவில்லை. இதையே கேள்விக்குறி இல்லாமல் இருபது வருடம் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தவன் நான்.

நீங்கள் காலேஜில் படிக்கிற பிள்ளை என்று நினைக்கிறேன். வாட்ஸ்அப்பில் அந்த வீடியோ வந்திருக்கும். சூரியனுக்குக் கொஞ்சம் கிட்டே போனால் கருகிவிடுவோம், கொஞ்சம் தள்ளிப் போனால் உறைந்துவிடுவோம், இதை அளந்து வைத்தவன் யார் என்று முடியும். வீட்டில் பெரியவர் யாராவது அதைக் காட்டி, "இதுக்கு என்ன சொல்றே?" என்று மடக்கியிருப்பார். அப்படி இல்லையென்றால் பொறுத்துக்கொள்ளுங்கள். என்னிடம் இந்தக் கேள்வி எப்போதும் அந்த வழியாகத்தான் வந்து சேர்கிறது.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் சாமி கும்பிடுகிறவன். கீழே வந்து "நாத்திகம் பேசுகிறான்" என்று எழுதப்போகிறவர்கள் முழுதும் படித்துவிட்டு எழுதுங்கள். "சாமி கும்பிடுகிறவனுக்கு அறிவியல் எதற்கு" என்று கேட்கப்போகிறவர்களுக்கும் அதேதான்.

எங்கள் ஊர் பாலக்காடு மாவட்டத்தில் கொழிஞ்சாம்பாறைக்குக் கிழக்கே, தமிழ்நாட்டு எல்லையை ஒட்டி இருக்கிறது. ரேஷன் கார்டு மலையாளத்தில், வீட்டில் தமிழ். கேரளம் என்றதும் பச்சையும் காயலும் நினைவுக்கு வரும். எங்கள் பக்கம் வந்து பாருங்கள், பனையும் கரிசலும் நிலக்கடலையும்தான். விளைநிலத்தைக் காடு என்போம். மழை மேற்கே கொட்டித் தீர்த்துவிட்டு, எங்களுக்குக் காற்றை மட்டும் அனுப்பிவைக்கும். நான் இங்கே ஒரு பள்ளியில் தமிழ்வழிப் பிரிவில் அறிவியல் எடுக்கிறேன். ஓய்வுக்கு இன்னும் இரண்டு வருடம் இருக்கிறது.

ஒவ்வொரு வருடமும் எட்டாம் வகுப்பில் கரும்பலகை முழுக்க 15,00,00,000 என்று எழுதுவேன். ஏழு சைபரையும் கை விரித்துப் பெரிதாகப் போடுவேன். "சூரியனுக்கும் நமக்கும் இத்தனை கிலோமீட்டர். இதுல அணுவளவு கூடியிருந்தாலோ குறைஞ்சிருந்தாலோ நீங்க இல்ல, நான் இல்ல. யார் அளந்தது?" என்று கேட்டுவிட்டு நிறுத்துவேன். வகுப்பு அப்படியே அடங்கிவிடும். அந்த அமைதி எனக்குப் பிடித்திருந்தது. வருடத்தின் நல்ல வகுப்பு அதுதான் என்று நினைத்திருந்தேன்.

2017 பிப்ரவரி. முந்தின வருடம் தென்மேற்குப் பருவமழையும் பொய்த்தது, வடகிழக்கும் பொய்த்தது. அக்டோபர் கடைசியிலேயே கேரளத்தின் 14 மாவட்டங்களையும் வறட்சி மாவட்டங்களாக அறிவித்துவிட்டார்கள். ஊரில் ராத்திரி பகல் இல்லாமல் ஆழ்துளைக் கிணறு போடுகிற போர் வண்டிச் சத்தம். அன்றைக்கு வழக்கம்போல ஏழு சைபரைப் போட்டுவிட்டு நிறுத்தினேன். இரண்டாம் பெஞ்சுப் பிள்ளை ஒருத்தி எழுந்தாள். அவள் வீட்டில் இரண்டு நாளைக்கு முன்புதான் மூன்றாவது போர் போட்டிருந்தார்கள். பாறையைக் குடைந்த வெள்ளைத் தூள் அவள் பள்ளிப் பையின் தையல் ஓரமெல்லாம் அப்பியிருந்தது. தட்டினாலும் போகாத தூள் அது.

"ஏனுங் சார், நமக்குன்னு பாத்துப் பாத்து அளந்து வெச்சிருக்கறப்ப, எங்க காட்டுல மட்டும் எதுக்குங் சார் எண்ணூத்தம்பது அடிக்கும் வெறும் புழுதி?"

யாரும் சிரிக்கவில்லை. எல்லார் வீட்டிலும் அதே கதைதான். நான் சொன்னது: "பரீட்சைக்கு வர்றத மட்டும் கேளு கண்ணு." அவள் உட்கார்ந்துவிட்டாள். மே மாதம் அவள் அப்பா வந்து டிசி வாங்கிக்கொண்டு போனார். காட்டைக் குத்தகைக்கு விட்டுவிட்டுக் குடும்பத்தோடு திருப்பூர் பனியன் கம்பெனிக்குப் போனதாகக் கேள்வி. பிறகு அவளை நான் பார்க்கவில்லை.

அந்த லீவில்தான், இத்தனை வருடம் சொன்னதை முதல்முறையாகச் சரிபார்த்தேன். முதல் அடியே பலமாக விழுந்தது. பூமியின் பாதை வட்டம் இல்லை, சற்று நீள்வட்டம் என்று நானே பாடம் எடுத்திருக்கிறேன். அதை இதோடு சேர்த்து யோசித்ததே இல்லை. ஜனவரி முதல் வாரத்தில் சூரியன் 14.71 கோடி கிலோமீட்டரில் இருக்கிறது, ஜூலை முதல் வாரத்தில் 15.21 கோடியில். 50 லட்சம் கிலோமீட்டர் வித்தியாசம். பூமியைப் போல 390 உருண்டைகளை வரிசையாக வைக்கிற தூரம் அது. அவ்வளவு தூரம் வருடா வருடம் போய்ப் போய் வருகிறோம், ஒன்றும் ஆகவில்லை. கிட்டே இருக்கிற ஜனவரியில்தான் நாம் போர்வை தேடுகிறோம். பருவங்களைச் செய்வது தூரமல்ல, அச்சின் 23.4 டிகிரிச் சாய்வு. "அணுவளவு" என்று நான் சொன்னது பச்சைப் பொய். தெரிந்து சொல்லவில்லை, ஆனாலும் பொய்தான்.

அடுத்தது சந்திரன். அதுவும் சூரியனிலிருந்து அதே 15 கோடிதான். பகலில் நூறு டிகிரியைத் தாண்டிக் கொதிக்கிறது, இரவில் பூஜ்யத்துக்குக் கீழே நூறையும் தாண்டி இறங்குகிறது. ஒரு புல் கிடையாது. அளந்தது தூரம்தான் என்றால் அங்கேயும் நாலு தென்னை நிற்க வேண்டுமே! பூமியைக் காப்பது காற்றுப் போர்வை. அது இல்லாவிட்டால் இதே தூரத்தில் நம் சராசரி வெப்பம் பூஜ்யத்துக்குக் கீழே 18 டிகிரி. இப்போது இருப்பது சுமார் 15.

"அந்தக் காற்றை அளந்தது யார்" என்று கேட்பீர்கள். நானும் கேட்டிருக்கிறேன், 21 சதவீத ஆக்சிஜன் என்று பலகையில் எழுதி. பூமிக்கு வயது 450 கோடி வருடத்துக்கு மேல். உயிர் தோன்றிக் குறைந்தது 350 கோடி வருடம் ஆகிறது. அந்த முதல் உயிர்கள் இருந்த காற்றில் ஆக்சிஜன் இல்லை என்றே சொல்லலாம். நீலப்பச்சைப் பாசிகள் வெளியே தள்ளிய கழிவு சேர்ந்து சேர்ந்து, சுமார் 240 கோடி வருடத்துக்கு முன்புதான் அது காற்றில் நிற்க ஆரம்பித்தது. அன்றைக்கு இருந்த பல உயிர்களுக்கு அது விஷம். நமக்காகக் காற்றைத் தயார் செய்து வைக்கவில்லை. இருக்கிற காற்றுக்குத் தக்கபடி நம் நுரையீரல் வந்தது. நான் முன்னதைப் பின்னதாக்கிச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

இதையெல்லாம் ஒரு வாத்தியார் இருபது வருடம் சரிபார்க்காமல் இருக்கலாமா என்று கேட்பவர்கள் எங்கள் நிலைமையையும் கொஞ்சம் கேட்க வேண்டும். தமிழ்வழிப் புத்தகம் சில வருடம் ஓணப் பரீட்சை நெருங்கும்போதுதான் கைக்கு வரும். அதுவரை மலையாளப் புத்தகத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ராத்திரி உட்கார்ந்து நானே தமிழில் எழுதி, ஜெராக்ஸ் எடுத்துக் கொடுப்பேன். ஜெராக்ஸ் காசு என் பாக்கெட்டிலிருந்து. ஒரு வருடம் கேள்வித்தாளில் மொழிபெயர்ப்பு பிசகி, பிள்ளைகள் கேள்வியே புரியாமல் மதிப்பெண் இழந்தார்கள். மேலிடத்துக்கு எழுதிக் கேட்டேன். "எத்தனை பிள்ளைகள் இருக்கப்போறாங்க உங்க மீடியத்துல?" என்றார்கள். எண்ணிக்கை குறைவென்றால் அவர்கள் பிள்ளைகள் இல்லையா? அந்தப் பக்கம் போனால் தமிழ்நாடு எங்களை மலையாளி என்கிறது, இந்தப் பக்கம் பாண்டி என்கிறார்கள். கேள்விக்குச் சம்பந்தமில்லைதான், ஆனால் எழுதாமல் இருக்க முடியவில்லை.

சரி, கேள்விக்கு வருகிறேன். இதை எனக்குப் புரியவைத்தது எங்கள் கிணறு.

1983 வறட்சியில் அப்பா கிணறு வெட்டினார். எங்கள் இட்டேரியில், அதாவது காடுகளுக்கு நடுவே போகிற வண்டிப்பாதையில், அந்த வருடம் மொத்தம் ஏழு பேர் வெட்டினார்கள். நீரோட்டம் பார்க்கிறவர் ஒருவரே ஏழு காட்டிலும் நடந்தார். உள்ளங்கையில் படுக்கவைத்த தேங்காய் ஓரிடத்தில் நிமிர்ந்து நிற்கும், அங்கே குச்சி அடிப்பார். எங்களுக்கு 42 அடியில், கடைசி வேட்டு வைத்த மறுநாள் காலை ஊற்று கண் திறந்தது. அம்மா ஈரப் புடவையோடு கிணற்றோரம் விழுந்து கும்பிட்டது எனக்கு நினைவிருக்கிறது. மாரியாத்தா கொடுத்த தண்ணி என்று அங்கே மேடை கட்டினோம். தேங்காய் நிமிர்ந்த கதையை வருகிற சொந்தத்துக்கெல்லாம் சொல்வோம்.

தேங்காய் ஏழு காட்டிலும் நிமிர்ந்துதான் நின்றது. தண்ணீர் இரண்டில் வந்தது. மற்ற ஐந்து வீட்டாரும் ஒவ்வொருவராக விற்றுவிட்டுப் போய்விட்டார்கள். இன்றைக்கு எங்கள் இட்டேரியில் யாரைக் கேட்டாலும் "தேங்காய் பார்த்துத்தான் தண்ணி வந்துச்சு" என்பார்கள், ஏனென்றால் கேட்பதற்கு ஆள் இருப்பதே தண்ணீர் வந்த வீட்டில்தான். அந்தப் பிள்ளை திருப்பூர் போனபிறகு என் வகுப்பிலும் அதுதான் நடந்தது. கேள்வி கேட்டவள் இல்லை. தண்ணீர் இருந்த வீட்டுப் பிள்ளைகள் தலையாட்டினார்கள்.

பிராண்டன் கார்ட்டர் என்ற இயற்பியலாளர் 1973இல் போலந்தில், கோப்பர்நிக்கஸ் பிறந்த 500ஆம் ஆண்டுக் கூட்டத்தில் சொன்னதும் கிட்டத்தட்ட இதுதான். நாம் எதைக் காண முடியும் என்பதே, காண்பதற்கு நாம் இருக்கத் தேவையானவற்றால் கட்டுப்பட்டிருக்கிறது. வெள்ளி நம் பக்கத்துக் காடு, அளவில் ஏறக்குறைய பூமியேதான், 460 டிகிரியில் வேகிறது. செவ்வாய் இந்தப் பக்கத்துக் காடு, காற்று நம்முடையதில் நூற்றில் ஒரு பங்குகூட இல்லை. சூரியனைப் போன்ற இன்னொரு விண்மீனைச் சுற்றும் கோளை 1995இல் முதலில் கண்டார்கள். இன்றைக்கு வேற்று விண்மீன்களின் கோள்கள் ஐயாயிரத்துக்கும் மேல் தெரியும். ஒன்றிலும் உயிர் இருப்பதாக இதுவரை உறுதியாகவில்லை. இத்தனை இடத்தில் தோண்டி ஓரிடத்தில் தண்ணீர் பட்டால், பட்ட இடத்தில் நின்றுகொண்டு "அளந்து வைத்தான்" என்பது சரியாகாது. பட்ட இடத்திலும் பாருங்கள், இருக்கிற நீரில் 97 சதவீதம் உப்புநீர்.

ஆனால் "தோண்டியதே ஒரே கிணறு என்றால்?" என்று நீங்கள் கேட்கலாம். அது நியாயமான கேள்வி. கோள்கள் பல, ஆனால் நாம் அறிந்த பிரபஞ்சம் ஒன்றுதான். அதன் விதிகள் ஏன் இப்படி இருக்கின்றன என்று வரும்போது, வறண்ட கிணறுகளை எண்ணிக் காட்ட என்னால் முடியாது. 1953இல் பிரெட் ஹாயில் என்ற வானியலாளர் ஒன்று சொன்னார். விண்மீன்களுக்குள் மூன்று ஹீலியம் சேர்ந்து கார்பன் உண்டாக வேண்டுமானால், கார்பன் அணுக்கருவுக்கு ஒரு குறிப்பிட்ட ஆற்றல் நிலை இருந்தே ஆக வேண்டும் என்றார். அமெரிக்காவில் கால்டெக் என்ற பல்கலைக்கழகத்தில் சோதித்தார்கள், இருந்தது. மதநம்பிக்கை இல்லாத அவரே பிற்காலத்தில், ஏதோ பேரறிவு இயற்பியலில் கை வைத்ததுபோல் தோன்றுகிறது என்று எழுதினார். சிலர் பிரபஞ்சங்களும் பல இருக்கலாம் என்கிறார்கள், சிலர் விதிகள் வேறு மாதிரி இருக்கவே வழியில்லை என்கிறார்கள், சிலர் கடவுள் என்கிறார்கள். பெரிய இயற்பியலாளர்களே ஒத்துப்போகவில்லை. நோக்கம் உண்டா என்று யோசிக்க வேண்டுமானால் அங்கே போய் யோசியுங்கள். 15 கோடி கிலோமீட்டரையும் ஆக்சிஜன் சதவீதத்தையும் சாட்சிக்கு இழுக்காதீர்கள், அவை அந்தச் சாட்சி சொல்வதில்லை.

"அப்படியானால் சாமியே இல்லை என்கிறீர்களா?" இல்லை, அப்படி நான் எங்கேயும் எழுதவில்லை. என் சாமிக்கு ஒரு தவறான கணக்கு முட்டுக்கொடுக்க வேண்டாம் என்கிறேன், அவ்வளவுதான். "பூமி உனக்காகச் செய்தது" என்று சொல்கிறவர், அதைக் காய்ந்த போர்க்குழி ஓரத்தில் நின்று அந்த வீட்டுப் பிள்ளையிடம் சொல்ல வேண்டிவரும் என்பதையும் நினைத்துக்கொள்ள வேண்டும். 2018 ஆகஸ்டில் இதே கேரளம் வெள்ளத்தில் மூழ்கியபோதும் எனக்கு அவள் கேள்விதான் காதில் கேட்டது.

இப்போது பலகையில் இரண்டு எண்கள் எழுதுகிறேன், 14.71 என்றும் 15.21 என்றும். பக்கத்தில் ஜனவரி, ஜூலை. எழுதிவிட்டு உட்கார்ந்துகொள்வேன். பிள்ளைகள் சண்டை போடுவார்கள், "ஜனவரிலதானுங் சார் குளுரும், தப்பா எழுதிட்டீங்க" என்று. பீரியட் முடிகிற மணி அடிப்பதுகூடக் கேட்காது.

கிணற்றில் இந்த மார்ச்சில் பதினோரு படி வெளியே தெரிகிறது. அம்மா வெள்ளிக்கிழமை தவறாமல் மேடையில் விளக்கு வைக்கிறாள். எண்ணெய் நான்தான் வாங்கிக்கொடுக்கிறேன்.